ஊறுகாய் ஜாடியும் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க் கிண்ணமும்

தில்லியில் எந்தப் பெரிய வீட்டுச்சாமான் கடைக்குப் போனாலும் ஒரு மூலையில் 'ஸ்டோன்வேர்' என்று அட்டை வைத்து, சாம்பல் நிறத்திலும் பாசி நிறத்திலும் கிண்ணங்களை அடுக்கியிருக்கிறார்கள். சமீபத்தில் பார்த்த ஒன்றின் விலை 1,600 ரூபாய். ஆறு வாங்கினால் 9,600. அந்தக் கடையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால், சாலையோரத்தில் குர்ஜா சாமான்களைப் பரப்பி வைத்திருப்பவரிடம் ஏறத்தாழ அதே நிறம், அதே அளவு, 120 ரூபாய். பேசினால் 100. "பதினாறு மடங்கு குடுக்கற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" என்று தங்கமணி கேட்டதில்தான் இது ஆரம்பித்தது.

வணிகவியல் படித்துவிட்டு இருபது வருடமாக வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன் நான். ஒரு சரக்கின் விலை நியாயமா என்று கேட்டால், முதலில் அதன் பழைய கணக்கைத்தான் பார்க்கத் தோன்றும். இந்தக் கிண்ணத்தின் பழைய கணக்கு எதிர்பார்த்ததைவிட சுவாரசியமாகவே இருக்கிறது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஸ்டோன்வேர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெயரில் கல் இருப்பதால் நம் பாட்டிமார்களின் கல்சட்டி நினைவுக்கு வரும். அது வேறு. கல்சட்டி மாக்கல்லைக் குடைந்து செய்வது. ஸ்டோன்வேர் மண்ணைச் சுட்டுச் செய்வது. சாதாரண மண்பானை சூளையில் 1,000 டிகிரிக்குக் கீழேயே வெந்துவிடும். அதன் உடம்பில் நுண்ணிய துளைகள் இருந்துகொண்டே இருக்கும். பானை வேர்ப்பதும் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். தகுந்த களிமண்ணோடு படிகக்கல் பொடியும் ஃபெல்ஸ்பார் என்னும் கல்லின் பொடியும் கலந்து 1,200 முதல் 1,300 டிகிரி வரை சூடேற்றினால், உள்ளே ஒரு பகுதி கண்ணாடி போல உருகித் துளைகளை அடைத்துவிடும். ஆறியதும் கல் போலக் கெட்டி. தண்ணீர் கசியாது, உப்பும் புளியும் அரிக்காது.

உப்பும் புளியும் என்றதும் பிடிபட்டிருக்குமே! ஆமாம், நம் வீட்டு ஊறுகாய் ஜாடி ஸ்டோன்வேர்தான். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, வாயில் துணி கட்டி பரணில் உட்கார்ந்திருக்குமே, அதே ஜாடி. நாம் பீங்கான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லே கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததாக அகராதி சொல்கிறது. ஆக, 'டிசைனர் கிண்ணம்' என்று கடையில் இருப்பது, மாவடு ஜாடியின் ஒன்றுவிட்ட தம்பி.

*

சீனாவில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த உயர்வெப்பச் சூளை வித்தை தெரிந்திருந்தது. சுங் வம்சக் காலத்தில் (960-1279) லுங்சுவான் பகுதிச் சூளைகளில் செய்த பச்சை மெருகுப் பாத்திரங்கள் கப்பல் கப்பலாக மேற்கே போயின. போகிற வழியில் நம் கரையும் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பாத்திர ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தமிழ்க் கல்வெட்டுகளில் தோய்ந்த ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா 1980-களில் இவற்றை ஆராய்ந்தார். இன்று பனையும் கருவேலமும் நிற்கிற ஊரில் அன்று சீனக் கிண்ணத்தில் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

கிண்ணத்தைவிட ஜாடியின் பயணம் இன்னும் பெரிது. பர்மாவின் மர்த்தபான் துறைமுகம் (இன்றைய மோட்டமா) வழியாக வந்த பெரிய ஸ்டோன்வேர் ஜாடிகளுக்கு ஊரின் பெயரே பெயராகிவிட்டது. 14-ஆம் நூற்றாண்டில் கீழைக்கடலில் பயணம் செய்த இப்னு பதூதா, ஓர் அரசி தனக்கு நான்கு மர்த்தபான்கள் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அவற்றில் இருந்தவை இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய். எல்லாம் கடல் பயணத்துக்காக உப்பில் ஊறியவை. அதாவது ஊறுகாய்! இன்றும் தில்லியில் ஹிந்திக்காரர்கள் ஊறுகாய் ஜாடியை 'மர்த்தபான்' என்றுதான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மர்த்தபானை வெயிலில் வைக்கும்போது எழுநூறு வருடத்துக் கடல் வாணிபத்தையும் சேர்த்தே வைக்கிறார்.

இவ்வளவு தூரமும் ஸ்டோன்வேர் பெரும்பாலும் ஒரு கொள்கலம்தான். உள்ளே இருக்கும் சரக்குக்குத்தான் மதிப்பு. ஆங்கிலேயர் காலத்தில் இன்னும் கீழே இறங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்து ராணிகஞ்சில் பர்ன் கம்பெனி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே சூளை வைத்து ஸ்டோன்வேர் குழாய்கள் செய்தது. எரியும் சூளைக்குள் உப்பை வீசினால் அது ஆவியாகி மண்மேல் கண்ணாடிப் பூச்சாகப் படியும். மலிவான வித்தை. அப்படிச் செய்த குழாய்கள் நகரங்களின் சாக்கடைக்குப் போயின. ஆக, 1,600 ரூபாய்க் கிண்ணத்துக்கு ஊறுகாய் ஜாடி தம்பி முறை என்றால், சாக்கடைக் குழாய் பெரியப்பா முறை. (சிரிப்பான் போட்டுக்கொள்ளவும்.)

*

அப்படியானால் இந்தப் பொருள் எப்போது விலை ஏறியது? அதற்கு ஜப்பான் போகவேண்டும்.

16-ஆம் நூற்றாண்டில் கொரியாவில் பேர் தெரியாத குயவர்கள் செய்த சாதாரணக் கிண்ணங்களை ஜப்பானியத் தேநீர்க் குருமார்கள் எடுத்து வைத்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள். கோணலும் மெருகு வழிந்த தடமும்தான் அழகு என்றார்கள். அவற்றில் மிகப் புகழ்பெற்ற ஒன்றுக்கு, அதை வைத்திருந்த ஒசாகா வியாபாரியின் பெயரால் 'கிசாஎமோன்' என்று பெயர். 1775-ல் மட்ஸுதைரா ஃபுமாய் என்ற பிரபு அதை 550 ரியோ பொன் கொடுத்து வாங்கினார்.

வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஒரு ரியோவுக்கு ஏறத்தாழ ஒரு கொக்கு அரிசி என்பது அந்தக் காலத்துத் தோராயக் கணக்கு. ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி, சுமார் 150 கிலோ. அப்படியானால் 550 ரியோ என்பது 82 டன் அரிசி. 550 பேரின் ஒரு வருடச் சாப்பாடு, ஒரு கிண்ணத்துக்கு! அதை வைத்திருப்பவருக்குக் கொப்புளம் வரும் என்று ஒரு வதந்தி வேறு இருந்தது. கடைசியில் குடும்பத்தார் கியோட்டோவில் உள்ள ஒரு கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.

இந்தக் கணக்கில் பற்றுப் பக்கம் ஒன்று உண்டு. 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷி கொரியாமீது படையெடுத்தபோது, திரும்பிய பிரபுக்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் போருக்குப் 'பாண்டப் போர்' என்றே ஒரு பெயர் உண்டு. ஜப்பானின் பல புகழ்பெற்ற சூளைகள் அப்படி வந்தவர்களால் தொடங்கப்பட்டவை. கிண்ணத்தின் விலை ஏறியது, செய்தவன் கைதியானான். 82 டன் அரிசியில் ஒரு படி கூட கிசாஎமோனைச் செய்தவன் வீட்டுக்குப் போகவில்லை.

1931-ல் அந்தக் கோயிலில் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யானகி சோஎட்சு. ஏழை சோறு தின்ற மலிவான கிண்ணம், அதனாலேயே இது அழகு என்பது அவருடைய வாதம். பெயர் தெரியாதவர்கள் தினசரி உபயோகத்துக்குச் செய்வதே உண்மையான கலை என்று 1920-களிலேயே 'மிங்கெய்' இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். அவருடைய நண்பர்கள் குயவர்கள் ஹமாடா ஷோஜியும் ஆங்கிலேயர் பெர்னார்ட் லீச்சும். இருவரும் 1920-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் ஒரு பட்டறை ஆரம்பித்தார்கள். லீச் பிற்பாடு அங்கே 'ஸ்டாண்டர்ட் வேர்' என்று தினசரிச் சாமான்கள் செய்து, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றார். நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகும் கைவேலை என்பதுதான் திட்டம்.

ஹமாடா ஜப்பான் திரும்பி, சமையலறைச் சாமான் செய்யும் மஷிகோ என்ற ஊரில் குடியேறி, பாத்திரத்தின் அடியில் தன் முத்திரை போடுவதையே நிறுத்திவிட்டார். ஆனால் பாத்திரத்தை வைக்கும் மரப்பெட்டியில் கையெழுத்துப் போட்டார்! 1955-ல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது. பெயரில்லாமையைப் போற்றிய இயக்கம் உலகத்திலேயே விலை அதிகமான பெயர்களை உண்டாக்கியது. சந்தை யாருடைய கொள்கையையும் கேட்பதில்லை.

*

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி நேராக தில்லிக்கு வருகிறது. சர்தார் குருசரண் சிங். 1896-ல் பிறந்தவர், நிலவியல் படித்தவர். தில்லியில் ஒரு செங்கல், பாண்ட ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி அவரை 1919-ல் தொழில் படிக்க ஜப்பானுக்கு அனுப்பினார். ஆலைத் தொழில்நுட்பம் படிக்கப் போனவர் அங்கே யானகி, லீச், ஹமாடா வட்டத்தில் போய் விழுந்தார். 1922-ல் திரும்பி வந்தார். தில்லியில் அப்துல்லா என்ற பட்டாணியக் குயவரிடம், சுல்தான் காலத்துக் கட்டடங்களின் நீல ஓடுகளில் பார்க்கிறோமே, அந்த நீல மெருகின் மரபையும் கற்றார். 1952-ல் 'டெல்லி ப்ளூ' பட்டறையைத் தொடங்கினார். 1991-ல் பத்மஸ்ரீ. 1995-ல் காலமானார், கிட்டத்தட்ட நூறு வயது. இன்று வட இந்தியாவில் தனியாகப் பட்டறை வைத்து கிண்ணம் செய்கிற பலருடைய குருவின் குருவைத் தேடிப்போனால் இவரிடம்தான் போய் நிற்கும்.

தெற்கே இன்னொரு கண்ணி. 1971-ல் புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யை ஆரம்பித்தார்கள். டெபோரா ஜப்பானில் பிஸென் என்ற ஊரில் தொழில் பழகியவர். ஜப்பானிய வித்தை, சவுக்குக் கட்டை எரிக்கும் சூளை, உள்ளூர்த் தமிழ்த் தொழிலாளர்கள். இந்தக் கூட்டணியில் வந்த ஸ்டோன்வேர் சாமான்கள் 'பாண்டிச்சேரி பாட்டரி' என்றே நாடு முழுக்கப் பெயர் வாங்கின. அங்கே பழகிய உள்ளூர்க்காரர்கள் பலர் சொந்தப் பட்டறை வைத்தார்கள். வெளியூர் மாணவர்கள் கற்றுக்கொண்டு போய் அவரவர் ஊரில் சூளை கட்டினார்கள். தில்லிக் கடையில் நீங்கள் பார்க்கிற சாம்பல் நிறக் கிண்ணத்தின் பூர்வீகம் நம் ஊர்ப் பக்கமாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சாலையோரத்து 100 ரூபாய்க் கிண்ணத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. குர்ஜா, தில்லியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டம். பழைய குயவர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்பத்திரிகளுக்குப் பாத்திரம் தட்டுப்பாடானது. மாகாண அரசு அங்கே ஒரு பாண்ட ஆலை வைத்தது. போர் முடிந்ததும் ஆர்டர் நின்றது. பிறகு அந்த வசதிகளை உள்ளூர்க் குயவர்கள் பயன்படுத்திக்கொள்ள வழிசெய்தார்கள். அதிலிருந்து சிறு ஆலைகள் பெருகின. மண்ணும் கல்பொடியும் பெரும்பாலும் ராஜஸ்தான், குஜராத்திலிருந்து லாரியில் வரும். அச்சில் வைத்து உருட்டிச் செய்வதால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் கிண்ணம் விழும். நாம் இங்கே வாங்குகிற ஊறுகாய் ஜாடி, தேநீர்க் குவளை, அகலமான தட்டு பலவும் அந்த ஊர்தான். அதைப் போலி என்று சொல்லக்கூடாது. வேறு முறையில் செய்த நேர்மையான சரக்கு.

*

இப்போது கணக்குக்கு வருவோம். இது என் கற்பனைக் கணக்கு, யாருடைய பேரேட்டிலிருந்தும் எடுத்ததல்ல. ஒருவர் தனியாகச் சக்கரத்தில் வனைகிறார். ஒவ்வொரு கிண்ணமும் காய வேண்டும், அடியைச் செதுக்க வேண்டும், ஒருமுறை சுட வேண்டும், மெருகில் முக்க வேண்டும், மறுபடி சுட வேண்டும். விரிசலும் ஒட்டிக்கொண்டதும் போக மாதம் 200 தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை, எரிபொருள், மண் எல்லாமாக 60,000. அவர் குடும்பம் நடத்த இன்னொரு 60,000. ஆக 1,20,000. ஒரு கிண்ணத்தின் அடக்கம் 600 ரூபாய். கடைக்காரர் விற்ற விலையில் பாதியை எடுத்துக்கொண்டால் 1,200. பெட்டி, போக்குவரத்து, உடைசல், வரி எல்லாம் ஏறினால் 1,600.

இதில் அநியாய லாபம் எங்கே என்று தேடினால் கையில் சிக்காது. குயவர் கைக்கு வருவது 300. அதுவும் 200 கிண்ணமும் விற்றால்தான். ஆனால் இன்னொரு விஷயம் தெரிகிறது. அவரிடமே நேராக வாங்கினால் 800-க்கு இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகும்.

ஆக, கடையில் இருப்பவை உண்மையில் மூன்று வகை. ஒன்று, கையால் வனைந்தது. விலை அதிகம், காரணம் உண்டு. இரண்டு, ஆலையில் செய்து ஆலை விலைக்கு விற்பது. விலை குறைவு, காரணம் உண்டு. மூன்று, ஆலையில் அச்சில் செய்து, கோணலையும் அச்சிலேயே வைத்து, 'டிசைனர்' என்று ஸ்டிக்கர் ஒட்டி 1,600-க்கு விற்பது. என் தீர்ப்பு இந்த மூன்றாவதுக்கு எதிரானது மட்டும்தான். கைவேலையின் விலை அதில் இருக்கிறது, கைவேலை செய்தவர் இல்லை. கிசாஎமோன் கதையின் சில்லறைப் பதிப்பு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆறு கிண்ணத்தையும் அடுக்கிப் பாருங்கள். அச்சு அசலாக ஒரே இடத்தில் ஒரே கோணல் இருந்தால் அது கை செய்ததில்லை. உட்புறம் விரலை ஓட்டினால் வனைந்ததில் சுழல் சுழலாக மெல்லிய வரி தட்டுப்படும். கவிழ்த்தால் அடிவளையத்தில் மெருகில்லாத மண் தெரியும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சட்டென்று உறிஞ்சினால் சரியாக வேகவில்லை, பெயர்தான் ஸ்டோன்வேர். பிறகு கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: யார் செய்தது, எந்த ஊர், எத்தனை டிகிரி. பதில் சொல்லத் தெரியாத கடையில் 1,600 கொடுக்க வேண்டியதில்லை. கிண்ணங்கள் தனித்தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரமே ஒன்று உடையப்போகிறது, குழந்தைகள் இருக்கிற வீட்டில்.

எங்கள் வீட்டு முடிவு: தினப்படிக்கு குர்ஜா. குயவரிடமே நேராக வாங்க முடிந்தால் கைவேலை, ஒன்றோ இரண்டோ. ஸ்டிக்கர் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தில்லி உத்தம் நகரில் பிரஜாபதி காலனி இருக்கிறது, 'கும்ஹார் கிராம்' என்பார்கள். நூற்றுக்கணக்கான குயவர் குடும்பங்கள். சக்கரத்தில் அவர்கள் கை செய்கிற வேலை, டிசைனர் கிண்ணம் செய்பவரின் கை வேலைக்கு ஒரு மாற்றும் குறைவில்லை. சூளையின் சூடுதான் குறைவு. தலைமுறை தலைமுறையாக வந்த கை. நம் ஊரில் வேளார்கள் கதையும் அதேதான். ஆனாலும் ஸ்டோன்வேர் கடையில் அட்டையைத் தேய்த்துவிட்டு வருகிற நாம், தை மாதம் பொங்கல் பானைக்கும் தீபாவளிக்கு அகலுக்கும் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறோம். வனையும் கைக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டால், அது 1,250 டிகிரிக்கு மேல்தான் ஆரம்பிக்கும் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

தில்லிப் பக்கம் இருப்பவர்கள் பொங்கல் பானைக்கு உத்தம் நகர் போய்ப் பாருங்கள், மெட்ரோ போகிறது. உங்கள் ஊரில் குயவர்கள் எங்கே நேராக விற்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதினால் எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும்.